நான்காவது தட்டின் பின்பக்கம்

பேண்டு செட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று என் பெரியம்மா பார்க்கும்போதெல்லாம் என்னைக் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தாள். டீச்சர் டிரெயினிங் முடித்தவளுக்கு வந்து வாய்த்ததைப் பார் என்பாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவில் ஊதிக்கொண்டு போகிறவனுக்குப் பெண்டாட்டி ஒரு கேடா என்பாள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. உங்கள் வீட்டுக் காரியத்துக்கும் அவர்தானே வந்து ஊத வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

நான் ஜவ்வாது மலைமேல் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் பள்ளி. அதை ஒட்டி நான் தங்கிக்கொள்ள ஒரு கூரைவீடு. அவருடைய ஊர் அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கம். முகூர்த்த மாதங்களில் அவர் கீழே இருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் மலையேறி என்னிடம் வந்துவிடுவார். செட்டில் பாதிப்பேர் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்தவர்கள், மீதிப்பேர் காடு கழனியில் பாடுபட்டவர்கள். முன்வரிசையில் இரண்டு கிளாரினெட். ஒன்று என் கணவர். அவர்தான் செட்டுக்கு மாஸ்டர். இன்னொன்று, தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு பாய். அவரைவிட வயதில் மூத்தவர், நல்ல திடகாத்திரம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் பாய் என்றே கூப்பிடுவேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்வலத்தில் மணிக்கணக்காக நடந்துகொண்டே ஊதுகிறவர்கள். யாருக்காவது மூச்சு முட்டினால் பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இலேசாகத் தொடுவான். அந்த நொடியே பக்கத்தவன் தன் பாட்டை விட்டுவிட்டு அவன் பாட்டை எடுத்துக்கொள்வான். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கும் சத்தம் வெளியே கேட்டால் அது செட்டுக்கே அவமானம். இதில் முக்கியமானது, அதைப்பற்றி அப்புறம் யாரும் பேசக்கூடாது. எடுத்தவன் சொல்லிக்காட்ட மாட்டான், கொடுத்தவன் நன்றி சொல்ல மாட்டான். திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் இதைப் பார்த்துவிட்டு, "பாய் இன்னிக்கி உங்களுக்காக ரொம்ப ஊதுனாரே" என்று வீட்டில் சொன்னேன். தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

சினிமாப் பாட்டையும் கீர்த்தனையையும் வெள்ளைக்காரன் விட்டுப்போன மார்ச்சையும் ஊதி ஊதி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. மலைமேல் இருக்கும் மாதங்களில் சொந்தமாக மெட்டுப் போடுவார். அதுவும் ஊதுகிற வாத்தியங்களுக்கு மட்டும். கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன், வயிற்றோடு அணைத்துப் பிடித்து ஊதும் பெரிய யூபோனியம். டிரம் கிடையாது. சாமை அறுப்புக்கு ஒன்று, மேகம் இறங்குவதற்கு ஒன்று, காட்டில் தீ பிடித்ததற்கு ஒன்று. எங்கள் ஊர் மலைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். இதற்கு எப்படி ஆடுவது என்று கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். எனக்குமே முதலில் பிடிபடவில்லை. போகப்போகத்தான் காதில் ஏறியது.

அவற்றில் கடைசியாகப் போட்டதற்கு 'ஏத்தம்' என்று பெயர் வைத்திருந்தார். அடிவாரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் ஒற்றையடிப் பாதைதான் அந்த மெட்டு. கீழே மற்ற வாத்தியங்கள் கனமாக நடக்க, கிளாரினெட் மட்டும் மேலே மேலே போகும். உச்சிச் சுரத்துக்குப் போவதற்குச் சற்று முன்னால், எல்லா வாத்தியமும் அடங்கியிருக்கிற இடத்தில், அவர் மூச்சு வாங்குவார். அது நன்றாகக் கேட்கும்.

"இன்னா டீச்சர், எப்பிடி இருக்குது?" என்றார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்த எடத்துல மூச்சு வாங்குறீங்களே, அது வெளிய கேக்குது. உங்க செட்டுல அது அவமானமாச்சே?"

"பாதி மலையில நாவ மரத்தாண்ட வந்தா நீ இன்னா பண்ணுவ?"

"பாறையில உக்காந்து மூச்சு வாங்குவேன்."

"அப்புறம்? ஏறுறவனுக்கு மூச்சு வாங்கும். அது மெட்டுல சேந்ததுதான். அத எடுத்துட்டா அது ஏத்தமே இல்ல."

இதை அவர் என்னிடம் சொன்னாரே தவிர செட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சைப்பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசுகிற வழக்கமே இல்லையே. மற்றவர்கள் அதைக் கேட்டபோது மாஸ்டருக்கு மூச்சு குறைகிறது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைக்கக் காரணமும் சீக்கிரமே வந்துவிட்டது.

இருமல் தை மாதத்தில் ஆரம்பித்தது. பனிக்காற்று என்றார். பனி போன பிறகும் இருமல் போகவில்லை. மாலையானால் உடம்பு காய்ந்தது, கன்னம் ஒட்டிப்போயிற்று. அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா காசநோய் என்றார். பயப்பட வேண்டாம், இப்போது ஊசி வந்திருக்கிறது, ஒழுங்காகப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தால் குணமாகும் என்றும் சொன்னார். ஆனால் ஒரு வருஷத்துக்கு எதையும் வாயில் வைத்து ஊதக்கூடாது. ஊதினால் நுரையீரல் கிழியும், அப்புறம் என்னிடம் கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டணத்து கிராமபோன் தட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில், சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் இந்தப் புது மெட்டுகளை ஊதியதை அவன் முன்னமே கேட்டிருக்கிறான். நான்கு தட்டுகள், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு மெட்டு, எல்லாம் ஒரே அட்டைக்குள் புத்தகம்போல வரும், அதற்கு ஆல்பம் என்று பெயர் என்றான். ஆல்பம் என்றால் போட்டோ ஒட்டுவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்த வருஷமே எடுத்தாக வேண்டும், அடுத்த வருஷம் கம்பெனி என்ன நினைக்குமோ தெரியாது என்றும் சொன்னான்.

நான் ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். பாய் ஊதட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன்.

"ஏழுக்கு பாய் ஊதட்டும். ஏத்தத்துக்கு மட்டும் நான்," என்றார்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு. புள்ள பொறக்கப் போவுது. நான் இருந்தாலும் இல்லன்னாலும் எம் மூச்சு அதுல இருக்கும். அத போட்டுக் கேக்கட்டும்."

"புள்ளைக்கு அப்பன்தான் வேணும். தட்டு வேணாம்," என்று கத்தினேன். கிளாரினெட்டை எடுத்து மாணவர்களின் சிலேட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் சாவியைக் கேட்கவே இல்லை. சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். நோயாளி சாப்பிடாமல் கிடந்தால் ஊசி மட்டும் என்ன செய்யும்? பெட்டியைத் திறந்து கொடுத்தேன். கொடுத்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அந்த ஆத்திரம் முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

செட்டு மலையேறி வந்து பழகியது. அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு குச்சியால் தாளம் போட்டார், ஊதவில்லை. அவருக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டணத்தில் அந்த அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரெல்லாம் கம்பளி அடித்து, ஜன்னல் இல்லாமல், புழுங்கித் தள்ளியது. டிரம் அடித்தால் தட்டை ஓட்டும்போது ஊசி எகிறும், நல்லவேளை உங்கள் மெட்டில் டிரம் இல்லை என்று கம்பெனிக்காரன் சந்தோஷப்பட்டான். ஆனால் அவர்கள் ஒரே இடத்தில் நின்று ஊதிப் பழகாதவர்கள். காலை நகர்த்தாமல் நிற்கச் சொன்னால் தாளம் நழுவியது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார்கள், அந்தச் சத்தமெல்லாம் உள்ளே பதிந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னான். அப்படியும் கேட்டது. கடைசியில் தரையில் கோணிப்பைகளை விரித்து அதன்மேல் நடந்துகொண்டே ஊதவிட்டான். அவர் நோயை நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழு மெட்டுகளும் பாய் ஊத, நல்லபடியாக முடிந்தன. எட்டாவதுக்கு அவர் எழுந்தார். நான் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கம்பெனிக்காரனுக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவு மாதம் ஊதாமல் இருந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. மெட்டு ஏறிக்கொண்டே போனது. நாவல் மரத்து இடம் வந்தது. மற்ற வாத்தியங்கள் அடங்கின. அவர் மூச்சு வாங்கியதை ஒலிபெருக்கியில் கேட்டேன், காதுக்குள்ளேயே வாங்கியதுபோல இருந்தது. பிறகு உச்சிச் சுரம். அதைக் கேட்டபோது, இந்த மனுஷன் பிடிவாதம் பிடித்தது நியாயம்தான் என்று ஒரு கணம் எனக்கே தோன்றிவிட்டது. இறங்கி முடியப்போகிற இடத்தில் இருமல் வந்தது. கிளாரினெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கோணிமேல் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டு முழுக்க இரத்தம்.

ரிக்ஷாவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மற்றவர்கள் கம்பெனியிலேயே இருந்தார்கள். வழியெல்லாம் அவர் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"அந்த எடம் வந்துச்சு இல்ல? உனுக்குக் கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சு. பேசாம வாங்க."

"அது போதும்," என்றார்.

அதன்பிறகு அவர் எழுந்து நடமாடவில்லை. மலைக்காற்று நல்லது என்று டோலி கட்டி மேலே கொண்டுபோனோம். ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். குழந்தையை அவர் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. நான் வாசற்படியில் நின்று துணியை விலக்கிக் காட்டுவேன், அவர் கட்டிலில் இருந்தபடி பார்ப்பார். ஒருநாள்கூட அவளைத் தொட்டதில்லை. "பரவால்ல, தட்டு வரட்டும்," என்பார்.

பொங்கல் கழிந்து ஆல்பம் வந்தது. பாய்தான் கொண்டுவந்தார். தோல் ஷாப் முதலாளியிடம் கிராமபோனை இரவல் வாங்கி, ஒரு மலைக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, தட்டுகளைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஏறி வந்திருந்தார். செட்டில் முக்கால்வாசிப்பேர் கூடவே வந்துவிட்டார்கள். அட்டை நீல நிறத்தில் பளபளவென்று இருந்தது. உள்ளே காகித உறைகளில் நான்கு தட்டுகள். கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டோம். நான் குழந்தையோடு எட்டத்தில், திண்ணைக் கோடியில் உட்கார்ந்தேன். முதல் மூன்று தட்டுகளையும் அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். யூபோனியக்காரர் ஓர் இடத்தில் பிசகியதைச் சொல்லிக் கேலிகூடச் செய்தார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான்காவது தட்டைத் திருப்பிப் போட்டார் பாய். ஏத்தம் ஆரம்பித்தது. கிளாரினெட் மேலே மேலே போயிற்று. நாவல் மரத்து இடம் வந்தது, மற்ற வாத்தியங்கள் அடங்கின. கிளாரினெட் நிற்கவே இல்லை. ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விட்டது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு எடத்துலகூட மூச்சு கேக்கல மாஸ்டர். சுத்தமா வந்துருக்குது," என்றார் பாய், முகமெல்லாம் பூரித்து.

"யாரு ஊதுனது?" என்று கேட்டார் என் கணவர்.

அந்தக் கேள்வியை அவர்களுக்குள் யாரும் யாரையும் கேட்டதில்லை. பாய் தட்டையே பார்த்துக்கொண்டு, "இன்னா மாஸ்டர் இப்பிடிக் கேக்குறீங்க, நீங்கதான்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு உசுரக் குடுத்து ஊதுனாரு பாய். அது எங்க? எங்க வெச்சிருக்கீங்க அத?" என்று கத்தினேன். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

பாய் தலைகுனிந்தபடியே சொன்னார். இருமல் உள்ளே விழுந்துவிட்டது என்று கம்பெனிக்காரன் சொன்னானாம். அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம், ஏழே போதும் என்றானாம். "ஏத்தம் இல்லாம நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மாஸ்டர்கிட்ட வர்றது தங்கச்சி? பக்கத்துல நிக்கிறவன் எடுத்து ஊதணும் இல்ல, அதான் ஊதிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கற எடத்துல எனக்கும் முட்டுச்சு. அவரு பேரு கெடக்கூடாதுன்னு அடக்கிக்கினு போய்ட்டேன்."

"மொதல்ல எடுத்தது?" என்று கேட்டார் என் கணவர்.

"டேப்பு நாடாவுலதான் எடுத்தாங்க. அதும் மேலயே மறுபடியும் எடுத்துட்டாங்க மாஸ்டர்."

பாட்டு முடிந்தும் தட்டு ஊசியின் கீழே கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"அந்த மூச்சு கொறைச்சல் இல்ல பாய். வேணும்னுதான் வாங்குனேன்," என்று மெதுவாகச் சொன்னார் அவர். பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அவ்வளவு பெரிய ஆள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் அவர் தோளைத் தொடுவதற்குக் கையை நீட்டி, பிறகு தன் நோயை நினைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கிராமபோனைக் கீழே எடுத்துப் போகச் சொன்னார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாய் செய்தது துரோகமா? ஊர்வலத்தில் என்றால் அதைப்போல ஒரு நல்ல காரியம் கிடையாது. தெருவில் ஊதியது காற்றோடு போய்விடும், யார் ஊதினாலும் ஒன்றுதான். தட்டு அப்படியில்லை என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவர்கள் அதுவரை தட்டில் ஊதியதில்லை. தெரிந்த ஒரே ஆள் என் கணவர், அவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மெட்டைப்பற்றிப் பேசவே இல்லை. ஊசி போடும்போது கையைக் கொடுத்தார், கஞ்சி கொடுத்தால் குடித்தார். குழந்தையை வாசலில் காட்டினால் பார்த்தார், ஆனால் தட்டு வரட்டும் என்று சொல்ல இப்போது எதுவும் இல்லை. கத்திரி வெயிலில் கீழே அவருடைய ஊருக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்றுதான் வந்தோம். ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. ஒரு காலையில், நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டார்.

செட்டு முழுவதும் வந்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். பாய்க்குப் பக்கத்தில் என் கணவர் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அங்கே நின்றேன். பெரியம்மாவும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவு ஊர்வலத்தில் வழக்கமாக ஊதுவது எதையும் அவர்கள் ஊதவில்லை. ஏத்தத்தை ஆரம்பித்தார்கள். பெரிய டிரம்காரர் நடைக்கு மட்டும் மெல்லத் தட்டினார்.

கிளாரினெட் ஏறிக்கொண்டே போனது. நான் நின்ற இடத்தைப் பாடை தாண்டும் நேரத்தில் நாவல் மரத்து இடம் வந்தது. எல்லா வாத்தியமும் அடங்கின. பாய் மூச்சு வாங்கினார். தெருவுக்கே கேட்கும்படி வாங்கினார். அடுத்தது உச்சிச் சுரம். அவர் அதை ஊதவில்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, அது மாஸ்டர் ஊத வேண்டிய இடம் என்பதுபோல, பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். முழங்கையால் யாரையும் தொடவில்லை. சாக்ஸபோன்காரர் முன்னால் பார்த்துக்கொண்டு போனார், டிரம்பெட்காரரும் அப்படியே போனார். டிரம் மட்டும் தட்டிக்கொண்டே போயிற்று.

"யாராவது எடுத்து ஊதுங்களேன்," என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

யாரும் எடுக்கவில்லை.